பேச்சுக்கும் ஒரு பருவம்

(கும்பகோணத்தில் வாசகர் வட்டம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பேசித் தீர்ப்போம்' என்ற தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுச் சண்டையிலிருந்து உலகச் சண்டை வரை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனால் ஒரு மணி நேரம் சுலபமாக ஓடிவிடும். கையில் ஒன்றும் தேறாது. பேசினால் தீராதது இல்லை என்று சொல்வதில் யாருக்கும் நஷ்டம் கிடையாது. நஷ்டம் வருகிற இடத்தில் அந்த வார்த்தை நிற்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. கும்பகோணத்தில் நின்றுகொண்டு அப்படி ஒரு இடத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. காவிரியைப் பற்றியே பேசுகிறேன்.

"காவிரிக்குப் பேசாத பேச்சா?" என்று உங்களில் பலர் இப்போதே மனத்துக்குள் கேட்டிருப்பீர்கள். நியாயமான கேள்வி. 1968 முதல் 1990 வரை அமைச்சர்கள் மட்டத்தில் மட்டும் 26 முறை பேசியிருக்கிறார்கள். அதே காலத்தில்தான் கர்நாடகத்தில் ஹாரங்கி, ஹேமாவதி, கபினி, சுவர்ணாவதி அணைகள் எழுந்தன. பேசிக்கொண்டே கட்டினார்கள் என்பது நம்முடைய ஆறாத குறை. 1976 ஆகஸ்டில் ஓர் உடன்பாடு ஏற்பட்டதாக நாடாளுமன்றத்தில் அறிவிப்பே வந்தது. அப்போது தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு இல்லாத நேரத்தில் எழுதப்பட்ட அந்தத் தாள் பிறகு யாரையும் கட்டுப்படுத்தவில்லை. 1983-இல் நம் டெல்டா விவசாயிகளின் சங்கமே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பேச்சு இனிமேல் பயன்படாது என்று 1990 மே மாதம் நீதிமன்றம் முடிவு செய்ய, ஜூன் 2-ஆம் தேதி நடுவர் மன்றம் அமைந்தது.

ஆகவே பேச்சின் பெயரால் காலம் கடத்த முடியும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இருக்க முடியாது. அதை மறந்துவிட்டு உங்களுக்கு நான் உபதேசம் செய்யப் போவதில்லை. என் கேள்வி வேறு. அந்த 26 முறையும் பேசியது யார், எப்போது, எதைப் பற்றி?

ஒவ்வொரு தடவையும் உள்ளே போனவர்கள் வெளியே காத்திருக்கும் நிருபர்களுக்கு என்ன சொல்வது என்ற கவலையோடுதான் போனார்கள். ஒரு டி.எம்.சி. தண்ணீரை விட்டுக்கொடுத்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்ப முடியாதவர்கள் இருவர் ஒரு மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தால் நடப்பது பேச்சு அல்ல. தத்தம் ஊருக்குக் கேட்கும்படி இரண்டு பேரும் உரக்கச் சொல்லிக்கொள்வதுதான் நடக்கும். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் விட்டுக்கொடுத்திருந்தால் நாம் அவர்களை என்ன செய்திருப்போம் என்பதும் நமக்குத் தெரியும்.

சற்றுப் பின்னால் போகிறேன். கண்ணம்பாடியில் மைசூர் அரசு பெரிய அணை கட்ட முனைந்தபோது சென்னை மாகாணம் எதிர்த்தது. வழக்கு நடுவர் ஒருவரிடம் போனது. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி கிரிஃபின் 1914-இல் தீர்ப்புச் சொன்னார். சென்னை அதை ஏற்காமல் லண்டன் வரை போனது. தீர்ப்பு கிடப்பில் கிடந்தது. கடைசியில் வழி திறந்தது பேச்சில்தான். இரு தரப்புத் தலைமைப் பொறியாளர்களும் அணையை எந்த மாதத்தில் எப்படி இயக்குவது என்ற விதிகளை 1921-இல் வகுத்தார்கள். அதன் மேல் எழுந்ததுதான் 1924 ஒப்பந்தம். கண்ணம்பாடியில் எழுந்த கிருஷ்ணராஜ சாகரும், பத்தாண்டு கழித்து 1934-இல் நிறைவடைந்த நம் மேட்டூர் அணையும் அந்த உடன்பாட்டின் கீழ் வந்தவை.

இதைக் கேட்டுவிட்டு உடனே கைதட்டிவிடாதீர்கள். அந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. கர்நாடகத்தின் மாண்டியாவில் இருக்கிற விவசாயி அந்தப் பக்கத்தைத்தான் சொல்வார். சென்னை மாகாணம் என்றால் பிரிட்டிஷ் அரசு. மைசூர் அந்த அரசுக்கு அடங்கிய சமஸ்தானம். 1892 ஒப்பந்தத்திலும் 1924 ஒப்பந்தத்திலும் எங்கள் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினார்கள் என்கிற மனக்காயம் அங்கே நூறு வருஷமாக இருக்கிறது. அது முழுக்கச் சரியா என்று வாதாடலாம். அப்படி ஒரு காயமே இல்லை என்று சொல்ல முடியாது. பேசுகிறவர்களில் ஒருவன் தன்னைத் தாழ்ந்தவனாக உணர்ந்துகொண்டு போடும் கையெழுத்து, 50 ஆண்டு கழித்தும் சண்டையாகவே முளைக்கும். 1974-இல் முளைத்தது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றார்கள் அவர்கள். முடியவில்லை, மறுபரிசீலனைக்குத்தான் இடம் உண்டு என்றோம் நாம்.

இனி 2002-க்கு வருகிறேன். அந்த ஆண்டை மறக்கக்கூடியவர்கள் இந்த அரங்கில் இருக்க மாட்டார்கள். தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை. குறுவை போயிற்று. சம்பாவும் கருகியது. விவசாயத் தொழிலாளர்கள் பிழைப்புத் தேடித் திருப்பூர் பக்கம் போனார்கள். அதே சமயம் கர்நாடகத்தில், தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று கிளர்ச்சி. கபினி அணையில் விவசாயி ஒருவர் குதித்து உயிரைவிட்டார். இரண்டு பக்கமும் தண்ணீர் இல்லை, இரண்டு பக்கமும் சாவு. இரண்டு பக்கமும் கூட்டங்கள், ஊர்வலங்கள், உண்ணாவிரதங்கள்.

அந்தச் சூட்டோடு சூடாகத்தான் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் ஒரு காரியம் செய்தார். அமைச்சர்களை விட்டுவிட்டு விவசாயிகளை அழைத்தார். 2003 ஏப்ரலில் சென்னையில் முதல் கூட்டம். ஜூனில் பெங்களூரில் அடுத்தது. இந்தப் பக்கம் மன்னார்குடி எஸ். ரங்கநாதன் போன்றவர்கள். அந்தப் பக்கம் கர்நாடக ராஜ்ய ரைத சங்கத்தின் கே. எஸ். புட்டண்ணையா போன்றவர்கள். தெருவில் இறங்கி உரிமைக்குக் குரல் கொடுத்தவர்களே எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'காவிரிக் குடும்பம்'. யாரும் வழக்கை வாபஸ் வாங்கவில்லை. உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஒரு தாளில் கையெழுத்தும் போடவில்லை. நடுவர் மன்றம் ஒரு பக்கம் விசாரித்துக்கொண்டே இருந்தது. இவர்கள் ஒரு பக்கம் பேசினார்கள். வழக்கும் பேச்சும் ஒன்றையொன்று விரட்டியடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அவர்கள் செய்தவற்றில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது, ஒருவர் நிலத்தை மற்றவர் போய்ப் பார்த்தது. அங்கிருந்து இங்கே வந்தார்கள். இங்கிருந்து அங்கே போனார்கள். அதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். டெல்டாவில் நிலத்தடி நீர் தாராளமாக இருக்கிறது, அதை வைத்துக்கொண்டே இவர்கள் ஆற்றுத் தண்ணீர் கேட்கிறார்கள் என்பது கர்நாடகத்தின் நெடுநாள் வாதம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு அதில் ஓரளவு உண்மை உண்டு. பம்புசெட் வைத்துக் குறுவை போடுகிறவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஆனால் திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் அழைத்துப் போய், போரில் வரும் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்க்கச் சொன்னால், உப்புக் கரிக்கிற அந்த ஒரு மடக்கு, நீதிமன்றத்தில் 300 பக்கத்துக்குத் தாக்கல் செய்த மனுவைவிட வேகமாக விஷயத்தைச் சொல்லிவிடும். அங்கே ஆறு வரவில்லை என்றால் மாற்று கிடையாது.

நமக்கும் அங்கே பார்க்க வேண்டியது இருக்கிறது. கண்ணம்பாடி அணைக்குக் கீழே எல்லாம் செழிப்பு, நம்மைக் காயப்போட்டுவிட்டுக் கரும்பு போடுகிறார்கள் என்று இங்கே சாதாரணமாகப் பேசுவோம். விஸ்வேஸ்வரய்யா கால்வாயின் கடைசிக்கு, மத்தூர், மளவள்ளிப் பக்கம் போனால் அங்கே இருப்பவரும் நம்மைப் போலவே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடைமடை அங்கேயும் இருக்கிறது. மேல்மடைக்காரன் எடுத்துக்கொண்டுவிட்டான் என்ற புலம்பலும் அதே. நாம் காலையில் பேப்பரைப் பிரித்ததும் மேட்டூர் நிலவரம் 120 அடியில் எத்தனை என்று பார்ப்போம். மாண்டியாவில் கண்ணம்பாடி நிலவரம் 124.80 அடியில் எத்தனை என்று பார்க்கிறார்கள். இரண்டு ஊரிலும் கல்யாணத் தேதியையும் கடன் தவணையையும் அந்த எண்ணை வைத்துத்தான் யோசிக்கிறார்கள்.

சரி, பார்த்தார்கள், பேசினார்கள். தீர்ந்ததா? தீரவில்லை. பற்றாக்குறை ஆண்டில் எப்படிப் பகிர்வது என்று வெவ்வேறு வழிகளைப் போட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு கணக்கு வரவில்லை. இரண்டு அரசுகளும் அவர்களுக்கு எந்த அதிகாரமும் கொடுக்கவில்லை. 2005-இல் காவிரியில் வெள்ளமே வந்தது, அவசரம் தணிந்தது. 2007-இல் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்ததும் அவரவர் மறுபடி வக்கீலைத் தேடிப் போனார்கள். மெல்ல மெல்லக் கூட்டங்கள் குறைந்துபோயின. இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அந்த முடிவு சம்மதமில்லை. எது தீராமல் நின்றது என்று பார்த்தால், அதற்கு முன்னும் பின்னும் யாருமே தீர்க்க முடியாத இடத்தில்தான் அவர்களும் நின்றார்கள் என்பது தெரியும்.

அந்த இடம் எது? 2007 தீர்ப்பு மொத்த நீரை 740 டி.எம்.சி. என்று வைத்துத் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் நம் பங்கை 404.25 ஆகக் குறைத்தது; கர்நாடகத்துக்கு 284.75. மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் நமக்கு வந்து சேர வேண்டியது ஆண்டுக்கு 177.25. இதையும் மாதவாரியாகப் பிரித்திருக்கிறார்கள்: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 என்று. இந்த நான்கு மாதத்தில் மட்டும் 123 டி.எம்.சி.க்கு மேல். குடகிலும் வயநாட்டிலும் மழை பெய்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. அணை நிரம்பினால் தானே வழிந்து வரும். மழை பொய்த்தால்? இருப்பதை அதே விகிதத்தில் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று தீர்ப்புச் சொல்கிறது. விகிதம் சரி. ஆனால் ஜூலை 20-ஆம் தேதி, மழை இனிமேல் வருமா வராதா என்றே தெரியாத நாளில், இது பற்றாக்குறை ஆண்டுதான் என்று யார் சொல்வது? எந்த அணையின் கணக்கை வைத்து? எத்தனை ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டு? 1995, 2002, 2012, 2016, 2023 என்று நாம் சண்டை போட்ட ஆண்டுகள் எல்லாம் மழை குறைந்த ஆண்டுகள். நல்ல மழை ஆண்டுகளில் பெரும்பாலும் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை.

நான் சொல்ல வந்ததே இதுதான். உரிமையைச் சொல்ல நீதிமன்றத்தால் முடியும், சொல்லவும் வேண்டும். அது இல்லாவிட்டால் மேல்மடையில் இருப்பவன் கீழ்மடையில் இருப்பவனோடு உட்கார்ந்து பேசவே வர மாட்டான். ஆனால் இல்லாமையைப் பங்கு போடுவது பேச்சால்தான் நடக்கும். அந்தப் பேச்சையும் இல்லாமை வருவதற்கு முன்னாலேயே பேசி வைக்க வேண்டும்.

அதை எப்படிப் பேசுவது? நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் அது ஒரு டி.எம்.சி. ஆகும். தீர்ப்புகள் மாதக் கணக்கில் டி.எம்.சி. பேசுகின்றன. பயிருக்கு மாதம் தெரியாது, வாரம்தான் தெரியும். நாற்றங்காலுக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும். சேறடித்து நடும்போது நிறைய வேண்டும். கதிர் பொதியில் இருக்கும்போது ஒரு தண்ணீர் தவறினால் பதராகப் போகும்; அந்த நேரத்தில் வரும் தண்ணீரின் மதிப்பு, பத்து நாள் கழித்து வரும் இரட்டிப்புத் தண்ணீருக்குக் கிடையாது. மாண்டியாக்காரருக்கும் இப்படி ஒரு வாரம் இருக்கும். அவருடைய நெல்லுக்கு ஒன்று, கரும்புக்கு ஒன்று. "உனக்கு எவ்வளவு உரிமை?" என்று கேட்டால் இரண்டு பேரும் பெரிய எண்ணைத்தான் சொல்வார்கள். "எந்த வாரம் கிடைக்காவிட்டால் உனக்குப் பயிர் போய்விடும்?" என்று கேட்டால் இரண்டு பேரும் உண்மையைச் சொல்ல வாய்ப்பிருக்கிறது. இரண்டு வாரமும் ஒன்றாக இல்லாதபோது அங்கே ஒரு சந்து கிடைக்கிறது. வக்கீல்களுக்கு அந்தச் சந்து தெரியாது என்று சொல்ல மாட்டேன். அதற்குள் நுழைய அவர்களுக்கு அனுமதி இல்லை. விவசாயிக்கு விவசாயிதான் அதைக் கேட்க முடியும்.

இது நமக்குப் புதிது அல்ல. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய்ப் பாசன ஊர்களில் பலகாலமாக நடந்துவந்த வழக்கத்தைப் பாருங்கள். கண்மாய் முழுக்க நிறையவில்லை என்றால் நடுவதற்கு முன்னாலேயே ஊர் கூடும். இருக்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் தாங்கும் என்று மதிப்பிடுவார்கள். எல்லோரும் குறைத்துப் போடுவதா, ஒரு பகுதியை மட்டும் போடுவதா, முறை வைத்துப் பாய்ச்சுவதா என்று பேசி முடிவு செய்வார்கள். முடிவான பிறகு நிலத்துக்காரர் தன் இஷ்டத்துக்கு மடையைத் தொட மாட்டார். நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி என்று ஊருக்கு ஒரு பெயரில் இருக்கும் ஆள்தான் வயல் வயலாகப் போய்த் திறந்து அடைப்பார். நாற்று நட்ட பிறகு கூடினால் அடிதடிதான் மிஞ்சும் என்பது அவர்களுக்கு அனுபவம். மண்ணில் பயிர் நிற்கும்போது எவனாலும் விட்டுக்கொடுக்க முடியாது. அவன் கெட்டவன் என்பதால் அல்ல. கடன் வாங்கி நட்டிருக்கிறான்.

அந்த ஊர்க்கூட்டத்தையும் நான் கோயிலாக்கிக் கும்பிடச் சொல்லவில்லை. நீர்பாய்ச்சிகள் பெரும்பாலும் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எந்த வயலுக்கு எவ்வளவு பாயும் என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். முடிவெடுக்கிற இடத்தில் அவர் உட்கார்ந்திருக்க மாட்டார். நடவு நடும் பெண்களும் அங்கே இருக்க மாட்டார்கள். நிலம் உள்ளவர்கள் கூடித் தண்ணீரைப் பங்கிட்டார்கள். தண்ணீர் குறைந்தால் முதலில் பட்டினி கிடக்கப் போகிறவர்கள் வெளியே நின்றார்கள். காவிரிக்காக இனி ஒரு மேஜை போடுவதாக இருந்தால் அந்தத் தவறு திரும்ப நடக்கக் கூடாது. குறுவை போகிறது என்றால் பட்டாதாரருக்குக் காப்பீடோ நிவாரணமோ ஏதோ கொஞ்சமாவது வரும். நடவுக்குப் போகும் அம்மாவுக்கு இரண்டு மாதக் கூலி போகிறது. அந்தக் கணக்கு எந்த மனுவிலும் இல்லை. பெங்களூருக்கும் அந்த மேஜையில் ஒரு நாற்காலி வேண்டும். நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டுக்கு இறைத்துக் காவிரியைக் குடிக்கிற ஊர் அது. 2018 தீர்ப்பில் அந்த நகரத்தின் குடிநீருக்கென்றே 4.75 டி.எம்.சி. கூட்டிக் கொடுத்தார்கள். குடிப்பவர்கள் வராமல் பாய்ச்சுபவர்கள் மட்டும் பேசிக்கொண்டால் பாதிப் பேச்சுதான்.

பேச்சு நடக்கும்போது தரையில் எதையும் மாற்றக் கூடாது என்பதும் எழுதி வைக்க வேண்டிய நிபந்தனை. இதில் நான் கறாராக இருப்பேன். கர்நாடகம் கட்டத் திட்டமிடும் மேகேதாட்டு ஆகட்டும், வேறு எந்த அணை ஆகட்டும், ஒரு கையால் கொத்தனாரை அனுப்பிவிட்டு இன்னொரு கையால் நாற்காலி போட்டால், 1968-க்குப் பிறகு நடந்ததைத்தான் மறுபடி நடத்துகிறோம். நம் பக்கத்துக்கும் நிபந்தனை உண்டு. மேல்மடையில் மழை இல்லாத ஆண்டில் நாம் எத்தனை ஏக்கர் குறுவையைக் குறைப்போம், குறுகிய கால ரகத்துக்கு எங்கே மாறுவோம், தூர்ந்துபோன வாய்க்காலையும் உடைந்த மதகையும் எப்போது சரிசெய்வோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கல்லணைக்குக் கீழே நாம் வீணாக்கும் தண்ணீரைப் பற்றி அவர்கள் கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

2016 செப்டம்பரில் பெங்களூரில் பேருந்துகள் எரிந்தன. 1991 டிசம்பரில் அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவந்தன. அவர்களில் பெரும்பாலோர் ஒரு சென்ட் நெல் வயலும் இல்லாத கூலித் தொழிலாளிகள். எங்கோ விவசாயிக்கும் விவசாயிக்கும் இருக்கிற வழக்குக்கு அடி வாங்கியவர்கள் அவர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது. அந்த நாட்களில் மாண்டியாவிலிருந்து ஒருவரும் மன்னார்குடியிலிருந்து ஒருவரும் சேர்ந்து நின்று 'இது எங்கள் சண்டை, இதற்காக யாரையும் தொடாதீர்கள்' என்று சொல்வதற்கு ஓர் உறவு இருந்திருக்குமானால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள்! அப்படி ஓர் உறவைக் கட்டத்தான் காவிரிக் குடும்பம் முயன்றது. புட்டண்ணையா 2018 பிப்ரவரியில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே காலமானார். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கூட்டங்களில் கலந்துகொண்ட டெல்டா விவசாயிகள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களிடம் அங்கே என்ன பேசினீர்கள், எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றீர்கள் என்று கேட்டு எழுதி வைக்க வேண்டியது இந்த மாதிரி வாசகர் வட்டங்களின் வேலை என்று நினைக்கிறேன்.

2018-இலிருந்து காவிரி நீர் மேலாண்மை ஆணையம் இருக்கிறது. ஒழுங்காற்றுக் குழு இருக்கிறது. அணைகளில் எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு போனது என்ற கணக்கு அங்கே வருகிறது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆண்டும் மார்ச்சிலோ ஏப்ரலிலோ, மேட்டூர் திறப்பதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்னதாக, இரு மாநில விவசாயிகளும் தொழிலாளர்களும் ஒரு வருஷம் தஞ்சாவூரிலும் மறு வருஷம் மாண்டியாவிலும் கூட வேண்டும் என்பது என் கோரிக்கை. முதலில் இரண்டு பக்கத்துக் கடைமடைக்கும் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பிறகு உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளட்டும்: இந்த ஜூலை 15-க்குள் கிருஷ்ணராஜ சாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி ஆகிய நான்கு அணைகளுக்கும் சேர்த்து வர வேண்டியதில் பாதிதான் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், முதல் தண்ணீர் யாருக்கு, எந்தப் பயிருக்கு, எத்தனை நாளுக்கு? இந்த ஒரு கேள்விக்கு ஓர் ஆண்டில் பதில் வராவிட்டால் அடுத்த ஆண்டும் அதே கேள்வியை எடுக்கலாம்.

இதை முதலில் தொடங்குவதற்கு அரசாங்கத்தின் உத்தரவு தேவையில்லை. 2003-இல் தேவைப்படவும் இல்லை.